கிழக்குப் பார்த்த மூணாவது மாடி

தம்பி, ஏன் வெயில்ல நின்னு அண்ணாந்து பார்த்துக்கிட்டு இருக்கீங்க? இப்படி வாங்க, எங்க கேட்டுக்கிட்ட நிழல் இருக்கு. முன்னாடி எல்லாம் இந்நேரத்துக்கு இங்க நிக்கவே முடியாது, தார் உருகி செருப்புல ஒட்டிக்கும். இப்ப தினம் சாயங்காலம் வரைக்கும் சேர் போட்டு உட்கார்ந்துடறேன். எந்த நிழல்ங்கறீங்களா? அந்தக் கட்டடத்தோட நிழல்தான். அதை விடுங்க. உட்காருங்க.

ஃப்ளாட் பார்க்கத்தானே வந்தீங்க? கேக்கவே வேணாம். கையில ஃபைல், தோள்ல பை, நாலு பக்கமும் போட்டோ. வர்றவங்க எல்லாரும் இப்படித்தான். எடுத்து உடனே வீட்டம்மாவுக்கு அனுப்பிடுவாங்க. வாட்ச்மேன் சாப்பிடப் போயிருக்கான், இப்போதைக்கு வர மாட்டான். நல்லதாப் போச்சு. அவனைக் கேட்டா கட்டடம் சொர்க்கம்னுதான் சொல்லுவான், சம்பளம் வாங்கறான் இல்ல? என்னைக் கேளுங்க. எனக்கு யாரும் சம்பளம் குடுக்கலை.

மூணாவது மாடியா? அதானே. அது ஒண்ணுதான் மிச்சம் இருக்கு. கிழக்குப் பார்த்த வீடு. பால்கனி நேரா எங்க மொட்டை மாடியைப் பார்க்கும்.

தம்பி, உங்க நல்லதுக்குச் சொல்றேன். வேணாம்.

மொதல்ல தண்ணி. அந்த போர்ல மோட்டார் போட்டா காத்துதான் வருது. ரெண்டாவது மழை. ஒரு மழை பெஞ்சா போதும், தெருவுல முழங்கால் வரைக்கும் நிக்கும், உங்க வண்டி மிதக்கும். மூணாவது, சுவத்துல விரிசல். எங்கேன்னு கேக்காதீங்க, இருக்கு. எழுதிக்கிறீங்களா? எழுதிக்குங்க, எழுதிக்குங்க. இந்த மாதிரி விவரமான ஆளை இப்பதான் பார்க்கறேன். மத்தவங்க எல்லாம் தலையை ஆட்டிட்டுப் போயிடுவாங்க.

எம் பேரு தணிகாசலம். ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனேன். இந்தக் கொரட்டூர்ல எங்க தெரு மாதிரி ஒரு தெருவை நீங்க பார்த்திருக்க மாட்டீங்க. எல்லாம் தனித்தனி வீடு. கீழ ஒரு வீடு, மேல ஒரு மாடி, அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் கட்டக் கூடாதுன்னு குடியிருப்போர் சங்கத்துல தீர்மானமே போட்டிருக்கோம். தலைவர் நான்தான். அது வந்து, தலைவரா இருந்தேன். என்ன பார்க்கறீங்க, எங்க மொட்டை மாடியில இருக்கறதா? அது மாடி இல்லை தம்பி, அது ரூம். ரூம் வேற, மாடி வேற.

இந்தத் தெருவைக் காப்பாத்தறதுக்கு நான் பட்ட பாடு கொஞ்சமா நஞ்சமா? அதோ தெரு முனையில ஒரு காலி மனை தெரியுது பாருங்க, முள்ளுச்செடியும் குப்பையுமா? அதுல எட்டுக் குடித்தனம் வர்ற மாதிரி ஃப்ளாட் கட்டறேன்னு ஒருத்தன் வந்தான். மனு மேல மனு போட்டு விரட்டினேன். எட்டுக் குடித்தனம்னா எட்டு சமையல், எட்டுச் சண்டை, எட்டு வண்டி. இப்ப பாருங்க, எவ்வளவு அமைதியா இருக்கு. பாம்பு மட்டும்தான் வரும்.

எங்களுக்கு ஒரே பொண்ணு, ஹேமாவதி. கல்யாணம் ஆகி இந்த ஏரியாவுலதான் வாடகைக்கு வீடு தேடினா. அவளுக்கு வேலை இங்க அம்பத்தூர் எஸ்டேட்ல, ஷேர் ஆட்டோவுல ஏறினா இறங்கிடலாம். ஆனா பாருங்க, வீடே கிடைக்கலைன்னு திருவள்ளூர் போயிட்டா. தினம் ரயில்ல தொங்கிக்கிட்டு வந்து தொங்கிக்கிட்டுப் போறா. இந்த ஊர்ல ஏன் ஒரு வீடு கிடைக்கலைன்னு எனக்கு இன்னி வரைக்கும் புரியலை. கட்டறவன் ஒழுங்கா கட்டினாத்தானே? பேத்தி இனியாவைத் தூக்கிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தரம் வருவா. வந்ததும் கடிகாரத்தைப் பார்ப்பா. எங்க வீட்டம்மா மரகதத்துக்கு முட்டி வலி, ரயில் படிக்கட்டு ஏற முடியாது. ராத்திரி ஆனா போன்ல பேத்தி முகத்தைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுவா. சாம்பார் ஆறிப் போயிருக்கும், கவனிக்க மாட்டா. எனக்கும் அந்தக் குழந்தை ஞாபகம்தான். ஆம்பளை நான் எங்க போய்ச் சொல்றது?

சரி, கதைக்கு வரேன். இந்தக் கட்டடம் நிக்கற இடத்துல வரதப்பன்னு என் சிநேகிதர் வீடு இருந்துச்சு. அவர் போனதுக்கு அப்புறம் பிள்ளைங்க வெளிநாட்டுல இருந்து வந்து வித்துட்டாங்க. வாங்கினவன் அருணகிரின்னு ஒரு பில்டர். வீட்டை இடிச்சு, கீழ வண்டி நிறுத்த இடம் விட்டு, அதுக்கு மேல அஞ்சு மாடின்னு போர்டு மாட்டினான். அஞ்சு மாடி! அன்னிக்கு எனக்குச் சோறே இறங்கலை. எங்க மொட்டை மாடியில நான் லுங்கி காயப்போட்டா அஞ்சு மாடியில இருந்து எட்டிப் பார்ப்பான். சாயங்கால மேல்வெயில் போச்சு. என்ன சிரிக்கறீங்க? மேல்வெயில்ல நம்ம பெட்ரூம் அடுப்பு மாதிரி காயும்கறது உண்மைதான். இருந்தாலும் அது நம்ம வெயில் இல்லையா? இவன் யாரு அதை மறைக்கறதுக்கு? இப்ப மரகதம் மத்தியானம் கால் நீட்டிப் படுத்து நிம்மதியாத் தூங்கறா. அதைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது.

மனு எழுதினேன். தெருவுல எல்லாரும் கையெழுத்துப் போட்டாங்க. எதிர் வீட்டு பெஞ்சமின் சார், அவர்தான் சங்கச் செயலாளர், இங்கிலீஷ்ல ஒண்ணு தனியா எழுதிக் குடுத்தார். மரகதம் மட்டும் போடலை. கண்ணாடி காணோம்னா. கண்ணாடி மூக்கு மேல இருக்கு, தம்பி! மூக்கு மேல கண்ணாடியை வெச்சுக்கிட்டுக் கண்ணாடி காணோம்னு சொன்னா. கட்ட ஆரம்பிச்சா வேலைக்காரங்களுக்கு மோர் குடுக்கணும், பெரிய பானையா வாங்கிட்டு வாங்கன்னு வேற சொல்றா. வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி.

கார்ப்பரேஷன் ஆபீஸ்ல போய்க் கேட்டா, 'சார், அவருக்கு விதிப்படிதான் அனுமதி, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது'ன்னுட்டாங்க. அப்பதான் பெஞ்சமின் சார் ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சுட்டு ஓடி வந்தார். தெரு எவ்வளவு அகலமோ அதுக்குத் தக்கத்தான் உயரம். எங்க தெரு கார்ப்பரேஷன் கணக்குல முப்பது அடி. முப்பது அடி இருந்தாத்தான் இவன் அஞ்சு மாடி கட்ட முடியும். 'தணிகாசலம், நம்ம தெரு எங்கய்யா முப்பது அடி இருக்கு? ரெண்டு கார் எதிரும் புதிருமா வந்தா ஒண்ணு பின்னாடி போகணும்'ங்கறார்.

தம்பி, எனக்கு அப்படியே றெக்கை முளைச்ச மாதிரி இருந்துச்சு. டேப்பை எடுத்தேன். என் கேட்டுல இருந்து பெஞ்சமின் சார் கேட்டு வரைக்கும் அளக்கலை, நடுவுல ரோடு இருக்கற வரைக்கும் அளந்தேன். தார் போட்ட ரோடு. இருபத்திரண்டுதான்! நடுரோட்டுல நின்னு கத்தினேன், 'இருபத்திரண்டு, இருபத்திரண்டு!'ன்னு. தெருவே வெளிய வந்துடுச்சு. லட்டு வாங்கிக் குடுத்தேன்.

மறுநாள் புகார் குடுத்தேன். சாதாரணமா இல்லை. 'எங்கள் தெரு கணக்கில் உள்ள அகலம் இல்லை, அதிகாரிகள் நேரில் வந்து அளந்து தக்க நடவடிக்கை எடுக்க வேண்டும்'னு. அந்த வரியை நானே சொந்தமா யோசிச்சு எழுதினேன். தக்க நடவடிக்கைங்கற வார்த்தைக்குக் கீழ கோடு போட்டேன்.

வந்தாங்க, தம்பி. வராம இருப்பாங்களா? ஒரு பொண்ணு, சின்ன வயசு இன்ஜினியர், பழைய வரைபடம் ஒண்ணைக் கையில வெச்சுக்கிட்டு வந்துச்சு. கூட ரெண்டு ஆளுங்க. நான் முன்னாடி நடக்கறேன், பெஞ்சமின் சார் பின்னாடி வர்றார், தெருவே கூட வருது. கல்யாண ஊர்வலம் தோத்துச்சு. அந்தப் பொண்ணு அளந்துச்சு. 'ஆமா சார், ரோடு இருபத்திரண்டுதான் இருக்கு'ன்னுச்சு. எனக்கு அதைத் தூக்கி வெச்சுக் கொண்டாடலாம் போல இருந்துச்சு. 'பார்த்தீங்களாம்மா, எட்டு அடியைக் காணோம்! கண்டுபிடிங்க!'ன்னேன்.

கண்டுபிடிச்சுடுச்சு.

எங்க வீட்டுல கார் ஏத்தறதுக்கு ஒரு சரிவு கட்டியிருந்தேன் தம்பி, வழவழன்னு, டைல்ஸ் ஒட்டி. அதுக்குப் பக்கத்துல ஒரு நந்தியாவட்டைச் செடி, அதைச் சுத்தி ஒரு சின்ன பாத்தி. யாருக்கும் தொந்தரவு இல்லாம ஓரமா. நாலடிதான். எதிர்ல பெஞ்சமின் சாருக்கும் அதே மாதிரி, அவர் கொஞ்சம் ஆசைப்பட்டு ஸ்கூட்டருக்குக் கம்பிக் கூண்டும் போட்டிருந்தார். தெரு முழுக்க ரெண்டு பக்கமும் எல்லாரும் அப்படித்தான். ஒருத்தர் கட்டினா அடுத்தவர் சும்மா இருக்க முடியுமா? அந்தப் பொண்ணு வரைபடத்தைப் பார்த்துச்சு, எங்க சரிவைப் பார்த்துச்சு, என்னைப் பார்த்துச்சு. 'சார், நீங்க நிக்கறீங்க இல்ல, அதுவே ரோடுதான்'ங்குது.

ஜேசிபி வந்துச்சு. என் வீட்டுலதான் ஆரம்பிச்சாங்க, புகார் குடுத்தவர் வீடுன்னு ஒரு மரியாதை போல இருக்கு. காரை வெளிய எடுத்து வெச்சிருக்கலாம், அந்த ஆத்திரத்துல தோணலை. உள்ளேயே மாட்டிக்கிச்சு. சரிவு இல்லாம எப்படி இறக்கறது? ரெண்டு மாசம் காரை உள்ள வெச்சுக்கிட்டு ஷேர் ஆட்டோவுல போனேன். பெஞ்சமின் சார் கூண்டைப் பிச்சு எடுக்கும்போது அவர் என்னைப் பார்த்தார் பாருங்க ஒரு பார்வை. கிறிஸ்மஸுக்கு எப்பவும் கேக் வரும். அந்த வருஷம் வரலை.

ரெண்டு பக்கமும் எடுத்து முடிச்சதும் தெரு முப்பது அடி ஆயிடுச்சு. சுத்தமா, கணக்கா, முப்பது அடி. அருணகிரி வந்து நடுத்தெருவுல நின்னு இப்படியும் அப்படியும் பார்த்தான். நேரா என்கிட்ட வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு, 'ஐயா, சிமெண்ட் லாரி உள்ள வராதேன்னு கவலைப்பட்டுக்கிட்டு இருந்தேன், ரொம்ப நன்றி'ங்கறான். கிண்டலா நிஜமான்னே தெரியலை. அதுதான் வலி.

அதுக்கு அப்புறம் சங்கத் தலைவர் பதவியை நானே விட்டுட்டேன். யாரும் போகச் சொல்லலை. கூட்டம் கூப்பிட்டேன், யாரும் வரலை, அவ்வளவுதான்.

கட்டடம் ஏறிக்கிட்டே போச்சு. நான் இந்தச் சேர்ல உட்கார்ந்து ஒவ்வொரு மாடியா முறைச்சுக்கிட்டு இருந்தேன். மரகதம் பானை நிறைய மோர் கொண்டு போய்க் குடுத்தா. கொத்தனார்கிட்ட, சித்தாளுங்ககிட்ட எல்லாம் சிநேகம். எந்த வீட்டுல எத்தனை ஜன்னல், சமையல்கட்டு எந்தப் பக்கம், எல்லாம் அவளுக்கு மனப்பாடம். முட்டி வலிக்காரி, லிஃப்ட் வெச்ச மறுநாளே மூணாவது மாடிக்குப் போய்ப் பார்த்துட்டு வந்துட்டா. என்கிட்ட மூச்சு விடலை.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில நான் மொட்டை மாடியில துணி காயப்போட்டுக்கிட்டு இருக்கேன். கீழ விழுந்த க்ளிப்பைக் குனிஞ்சு எடுக்கறேன். மேல இருந்து ஒரு குரல்: 'அப்பா, லுங்கியை இழுத்துக் கட்டுப்பா, குழந்தை பார்க்குது!' எனக்கு வந்த கோபம் இருக்கே. நான் பயந்த மாதிரியே ஆயிடுச்சு, எவளோ எட்டிப் பார்க்கறான்னு நிமிர்ந்தா, மூணாவது மாடி பால்கனியில ஹேமா நிக்கறா. இடுப்புல இனியா. 'தாத்தா, தாத்தா'ன்னு கையை ஆட்டுது. சத்தம் போட்டுக்கூடக் கூப்பிட வேணாம் தம்பி, சாதாரணமாப் பேசினாலே கேக்குது. அவ்வளவு கிட்ட. அந்தக் குழந்தைக்குப் புதுசா ஒரு பல் முளைச்சிருந்தது, அதுகூட இங்க இருந்து எனக்குத் தெரிஞ்சுது. போன்ல பார்த்தப்போ தெரியலை.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. க்ளிப்பைத் தேடற மாதிரி மறுபடி குனிஞ்சுக்கிட்டேன்.

இன்னும் உட்கார்ந்திருக்கீங்களே. தண்ணி இல்லைன்னேன், விரிசல்னேன், வண்டி மிதக்கும்னேன், நீங்க அசரவே இல்லையே. போன வாரம் வந்தவர் விரிசல்னு சொன்னதுமே வண்டியைத் திருப்பினார். உங்களுக்கு அந்த வீடு அவ்வளவு பிடிச்சுப் போச்சா? சரி, உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப் போகுது. உண்மையைச் சொல்லிடறேன்.

அந்த வீடு எம் பொண்ணுக்கு வேணும். டோக்கன் அட்வான்ஸ் குடுத்திருக்கா. லோனுக்கு எழுதிப் போட்டிருக்கா, இன்னும் வரலை. அதுக்குள்ள வேற யாராவது மொத்தப் பணத்தையும் கொண்டு வந்து வெச்சா அருணகிரி மாத்திக் குடுத்துடுவானோன்னு எனக்குப் பயம். கொஞ்சம் பொறுத்துக்கோன்னு அவன்கிட்ட நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? அவன் மேல மனு போட்டவன் நான். அதான் இப்படி வாசல்ல உட்கார்ந்து வர்றவங்களை எல்லாம் விரட்டிக்கிட்டு இருக்கேன். மரகதத்துக்குத் தெரியாது. தெரிஞ்சா திட்டுவா. உங்களுக்கும் குழந்தை குட்டி இருக்கும், நல்ல வேலையில இருக்கற மாதிரி தெரியுது. உங்களுக்கு எங்க வேணா வீடு கிடைக்கும். இதை மட்டும் விட்டுக் குடுங்க தம்பி. கையெடுத்துக் கும்பிடறேன்.

என்ன?

வாங்க வரலையா? பின்ன?

பேங்க்ல இருந்தா?

லோனுக்கு மதிப்புப் போடவா? எந்த வீட்டுக்கு? மூணாவது மாடிக்கு. யார் பேர்ல? பேரை இன்னொரு தரம் சொல்லுங்க.

சார்.

சார், உட்காருங்க சார். அந்தச் சேர் வேணாம், அதுக்குக் கால் ஆடும், இதுல உட்காருங்க. மரகதம்! மரகதம், காபி போடு! சார், அந்தப் பேப்பர்ல என்ன எழுதினீங்க? அதெல்லாம் சும்மா சார். தண்ணி அருமையான தண்ணி. நானே எங்க மோட்டார் ரிப்பேர் ஆனப்போ அங்க இருந்துதான் குடம் குடமாக் கொண்டு வந்தேன், வாட்ச்மேனைக் கேளுங்க. மழைத் தண்ணி தெருவுல நிக்கவே நிக்காது. எங்க வீட்டு வாசல்ல மட்டும் கொஞ்சம் நிக்கும், சரிவை எடுத்த பள்ளத்துல. அது ஃப்ளாட்டோட தப்பா? விரிசல்னு ஒண்ணு இல்லவே இல்லை. நான் கடைக்கால் தோண்டின நாள்ல இருந்து தப்புக் கண்டுபிடிக்கணும்னே உட்கார்ந்து பார்த்தவன் சார். ஒரு தப்பு கிடைக்கலை. கிடைச்சிருந்தா விட்டிருப்பேனா? இதை விட என்ன சர்ட்டிபிகேட் வேணும் உங்களுக்கு?

சிரிக்காதீங்க சார். மொதல்ல சொன்னதை நம்பறதா, இப்ப சொல்றதை நம்பறதான்னா, நீங்களே மேல போய்ப் பாருங்க. குழாயைத் திறந்து பாருங்க, சுவத்தைத் தட்டிப் பாருங்க. தெரு அகலத்தையும் பார்த்துக்குங்க, அதுக்கு நான் கேரண்டி.

அக்கம்பக்கத்துல ஆட்சேபணை ஏதாவது இருக்கான்னு உங்க பேப்பர்ல ஒரு கட்டம் இருக்கா? யாரு, நான்தான் சார் அக்கம்பக்கம். வேற யாரும் இல்லை. எனக்கு ஆட்சேபணை இல்லைன்னு எழுதுங்க. அஞ்சு மாடி பத்தாதுன்னா மேல இன்னொண்ணு போட்டுக்கட்டும், அதுக்கும் இல்லைன்னு எழுதுங்க. குடுங்க அந்தப் பேனாவை, நானே கையெழுத்துப் போடறேன். எம் பொண்ணு பக்கத்துல வரணும் சார். எங்க போடணும்? இங்கயா?